உறையாத கை

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நொச்சிப்புதூர் உயர்நிலைப் பள்ளியில் எங்களை அப்படித்தான் பழக்கினார்கள். கடிதத்தைப் படிக்கிறவர் முதலில் அறைக்குள் வந்து சேர வேண்டும், அப்புறம்தான் பேச்சு அவர் காதில் விழ வேண்டும்.

இடம், எங்கள் ஊர்த் தொற்றுநோய் ஆய்வு மையத்தின் மாடி அறை. மேசையின் தலைமாட்டில் நெறிமுறைக் குழுத் தலைவர் டாக்டர் செய்யது மசூது. அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, வக்கீல் வேல்மயில். காகிதம் பறக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தை அவர் விட்டுத்தர மாட்டார். இடப்பக்கம் ஜன்னலோரமாக டாக்டர் ஷெரின் ஜெபமலர். மருந்தை வடிவமைத்தவர் அவர்தான். எதிரே, தண்ணீர் கேனில் சாய்த்து வைத்திருந்த திரைக்குள் புள்ளிவிவரக்காரர் தருண், சென்னையிலிருந்து. அவரும் உட்கார்ந்துதான் இருந்தார், எதன்மேல் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கதவை ஒட்டிய நாற்காலியில் பேனாவும் கையுமாக நான், குற்றாலிங்கம், பொதுமக்கள் பிரதிநிதி.

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருச் சாக்கடையைப் பற்றி நகராட்சிக்கு விடாமல் கடிதம் எழுதி, என் தொல்லை தாங்காமல் அவர்கள் மூடி போட்டுத் தந்தார்கள். அந்தப் புகழில்தான் இந்த நாற்காலி கிடைத்தது. போதாததற்கு, இப்போது கையெழுத்துக்கு மறுபடியும் மரியாதை வந்திருக்கிறது. இயந்திரங்கள் யார் பெயரில் வேண்டுமானாலும் கடிதம் எழுதத் தொடங்கிய பிறகு, மருந்து மேற்பார்வை வாரியம் ஒரு விதி போட்டுவிட்டது: முக்கியமான முடிவு எதுவானாலும் மனிதக் கையால் எழுதி, எல்லோரும் ஒப்பமிட்டு, உறையிட்டு, தபாலில் வர வேண்டும். ஆய்வு மையத்தில் நான்கு வரி கோணாமல் எழுதத் தெரிந்த ஆள் அப்போது நான் ஒருவன்தான்.

அன்றைக்கு நான் எழுத வேண்டியிருந்தது மருந்துச் சோதனையை நிறுத்தும் கடிதம்.

நண்டுக் காய்ச்சல் வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொசு கடித்துப் பரவும் வைரஸ். இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டு, ஆள் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். அதனால்தான் அந்தப் பெயர். பாதிப்பேர் தேறிவிடுவார்கள். மீதிப்பேர் வருஷக்கணக்கில் நண்டாகவே நடப்பார்கள். சில பேர் படுத்த படுக்கையோடு போய்ச் சேர்ந்ததும் உண்டு. அதற்கு ஷெரின் ஒரு மாத்திரை கண்டுபிடித்திருந்தார். ஊரில் ஒரு கூட்டம் அந்த மாத்திரையைச் சாப்பிட்டது. இன்னொரு கூட்டம் அதே நிறத்தில், அதே கசப்பில், உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மாத்திரையைச் சாப்பிட்டது. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியக் கூடாது. சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. யாருக்கு எது என்ற பட்டியல், 'சாவி' என்பார்கள், சென்னையில் வாரியத்தின் இரும்புப் பெட்டியில் இருந்தது.

என் மனைவி செண்பகவல்லியும் பேர் கொடுத்திருந்தாள். எனக்குக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். குழு உறுப்பினர் மருந்து சாப்பிடக் கூடாதாம்.

"ஏ குரூப், பி குரூப் ரெண்டுலயும் காய்ச்சல் ஒரே அளவுதான் சார்," என்றார் தருண். "எது மருந்து, எது டம்மின்னு எனக்கும் தெரியாது. தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. ரெண்டும் ஒண்ணுதான்."

ஷெரின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரி முடித்ததிலிருந்து அவர் செய்த வேலையெல்லாம் இந்த ஒரு மாத்திரைதான்.

"எழுதுங்க அண்ணாச்சி," என்றார் மசூது, மெதுவாக.

இடம், நாள், பெறுநர் எழுதினேன். பொருள் என்று எழுதிக் கோடு இழுத்ததும் வேல்மயில் கையை நீட்டித் தடுத்தார்.

"மருந்து என்ன செய்யும்னு ஒரு வரி போடணும்லா. டாக்டரம்மா, எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சா எவனுக்கும் புரியும்."

ஷெரின் திரும்பினார். "வைரஸ் உடம்புக்குள்ள போனதும் தனக்கு வேண்டிய சாமான் எல்லாத்தையும் ஒரே நீள ரிப்பனா தயார் பண்ணிடும் சார். ரிப்பன் அப்படியே இருந்தா ஒண்ணுக்கும் உதவாது. இடம் பாத்து நறுக்கணும். அதுக்குன்னு ஒரு கத்திரிக்கோல் வச்சிருக்கு. புரோட்டியேஸ்னு பேரு. என் மருந்து அந்தக் கத்திரி வாய்க்குள்ள போய் மாட்டிக்கிட்டு வெளிய வராது. கத்திரி நறுக்காது, வைரஸ் பெருகாது. அவ்வளவுதான்."

"அருமையா இருக்கே! பிறகு ஏன் வேலை செய்யல?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா சார்?"

மசூது சாப்பாட்டைக் கொண்டுவரச் சொன்னார். துக்க வீட்டில்கூட யாராவது ஒருவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசியாக வேண்டும் அல்லவா. பொட்டலங்கள் வந்தன. சாம்பார் சாதம், தயிர் சாதம். ஷெரின் தயிர் சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ சொன்னார்:

"நல்லா இருக்கு. வீட்டுத் தயிர் சாப்பிட்டு எத்தனையோ நாளாச்சு. என் கைக்கு உறையவே மாட்டேங்குது. பாக்கெட் தயிர்தான் வாங்குறேன்."

"பின்ன எப்படி உறையும்?" என்றார் வேல்மயில், ஊறுகாயைப் பிரித்தபடி. "நீங்கதான் மாத்திரை சாப்பிடுதீங்கல்லா."

ஷெரின் முதல்கட்டச் சோதனையிலேயே தன் மருந்தைத் தானே சாப்பிட்டுப் பார்த்தவர், இன்னும் நிறுத்தவில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். அவர் கை பாதி வழியில் நின்றது.

"என்ன சொன்னீங்க?"

"மருந்து சாப்பிடுதவங்க கைக்குத் தயிர் உறையாதுல்லா. பால் சூடு பாக்க விரல விடுதோம், அதோட சரி. மறுநாள் காலைல பால் பாலாவே கெடக்கும்." வேல்மயில் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என்ன இப்படி முழிக்கீங்க? ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது," என்றார் மசூது. "எங்க வீட்டுல யாரும் மாத்திரை சாப்பிடல."

"அண்ணாச்சி, உமக்குத் தெரியும்லா?"

எனக்குத் தெரியும். ஆனால் டாக்டர்களுக்கும் தெரியும் என்று நினைத்திருந்தேன். சின்னப் பிள்ளையில் ஊசி போட்டால் தோளில் தழும்பு விழும், ஊசி பிடித்துக்கொண்டது என்று வீட்டில் நிம்மதி அடைவார்கள். அதைப் போல இவர்களும் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நொச்சிப்புதூர் முழுக்க நம்பியது. மேலத்தெருவில் ஒருவர், தயிரில் கொண்டுபோய் அடையாளத்தை வைத்த அந்த மூளையை மெச்சித் தள்ளினார்.

"அது மட்டுமா?" வேல்மயிலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "புதுசா கட்டிக்கொடுத்த பிள்ளை ஒண்ணு என் ஆபீசுக்கு அழுதுகிட்டு வந்துச்சு. மாமியாக்காரி 'ஒனக்குக் கைராசி இல்ல'ன்னு சொல்லிட்டாளாம். ஒரே மாசம். உறையாத கைன்னா மருந்துக் கைன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துதா, அதே மாமியா அந்தப் பிள்ளையக் கூட்டிக்கிட்டுத் தெருத்தெருவா பெருமை பேசுதா. இப்ப பொண்ணு பாக்கப் போறவன் பஜ்ஜி சொஜ்ஜி கேக்கான்னு நெனைக்கீங்களா? 'பாப்பா ஒரு டம்ளர் பால்ல விரல விடட்டும், நாளைக்கு வந்து பாக்கோம்'ங்கான். பஸ் ஸ்டாண்டு சாப்பாட்டுக் கடையில போர்டே தொங்குது, 'இங்கு தயிருக்கு உறை ஊற்றுபவர் மாத்திரை சாப்பிடாதவர்'னு."

ஷெரின் பொட்டலத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"பால உறைய வைக்கிற பாக்டீரியாவும் கத்திரி வச்சிருக்கு," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "பால்ல உள்ள புரதத்த நறுக்கித் தின்னாத்தான் அது வளரும். மருந்து வியர்வையில வெளிய வருது… விரல்ல இருக்கு… பால்ல கரையுது… ஐயோ!" தலையில் கை வைத்துக்கொண்டார். "மனுஷ உடம்புல உள்ள ஒவ்வொரு கத்திரியா எடுத்து, இந்த மருந்து அதுல மாட்டுதா மாட்டுதான்னு பாத்தேன். ஏஐ-கிட்டக் குடுத்து லட்சக்கணக்குல ஓட்டிப் பாத்தேன். பால் சட்டிய எட்டிப் பாக்கல! அப்போ மருந்து வேலை செய்யுது!"

"தயிர்ல வேலை செய்யுது மேடம்," என்றார் திரைக்குள்ளிருந்து தருண். "காய்ச்சல்ல செய்யல."

பிறகு மசூது கேட்டார்: "வக்கீல் சார், தனக்கு மருந்து கிடைச்சிருக்குன்னு தெரிஞ்சவன் என்ன செய்வான்?"

"என்ன செய்வான்? கால நீட்டித் தூங்குவான். என் மச்சான் கொசுவலையக் கழட்டி மீன் கழுவக் குடுத்துட்டான்."

"தயிர் உறையுறவன்?"

அதற்கு நான் பதில் சொன்னேன், என் வீட்டிலேயே அந்தக் கதைதானே. வலைக்குள் படுத்தால் எனக்கு மூச்சு முட்டும். கல்யாணமான நாளிலிருந்து வலை கட்டவிட்டதே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் தயிர் கத்தி போட்டு அறுக்கலாம் போல உறைகிறது. அப்படியென்றால் செண்பகத்துக்குக் கிடைப்பது வெறும் மாத்திரை. அது தெரிந்த நாள்முதல் சாயந்தரமானால் நானே நாலு மூலையிலும் கயிறு இழுத்து வலை கட்டுகிறேன், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகுகிறேன், நொச்சித்தழை போட்டுப் புகை காட்டுகிறேன். அவளும் எனக்கு ஒரு மரியாதை செய்திருக்கிறாள். 'உங்களை மாதிரி நிதானமாப் பாக்க எனக்கு வராது' என்று, உறை ஊற்றும் பாலின் சூட்டைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டாள். இதையும் குழுவில் பெருமையாகச் சொன்னேன்.

"தருண்," என்றார் ஷெரின். "வீட்டுக்கு வர்ற சுகாதாரப் பணியாளர் வலை கட்டியிருக்கா இல்லையான்னு ஒரு கட்டத்துல குறிப்பாங்க. அத எடுங்க."

தருண் எடுத்தார். நாங்கள் தண்ணீர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகம் முதலில் சுருங்கியது, பிறகு திரையை நோக்கிக் குனிந்தது, கடைசியில் நெற்றி மட்டும்தான் தெரிந்தது.

"சார்… மழை தொடங்கினதுக்கப்புறம் பி குரூப்ல வலை அப்படியே சரிஞ்சிருக்கு. ஏ குரூப்ல ஏறியிருக்கு. வலை இல்லாதவங்கள மட்டும் தனியா எடுத்துப் பாக்குறேன். ஏ-ல வலை இல்லாதவங்க பாதிப்பேர் படுத்துட்டாங்க. பி-ல… பத்துல ஒருத்தர் இருந்தா அதிகம்."

"அப்ப பி-தான் மருந்து!" மேசையில் தட்டினார் வேல்மயில். மின்விசிறிக் காற்றில் என் கடிதம் பறந்து ஷெரின் காலடியில் விழுந்தது. "மருந்துக்காரன் வலைய விட்டுட்டுக் கடி வாங்கியிருக்கான். மத்தவன் வலைக்குள்ள பூந்துகிட்டுத் தப்பிச்சிருக்கான். கடைசில கணக்கு சமமாப் போச்சு. அதாவது, டாக்டரம்மா மருந்து ஒரு கொசுவலைக்குச் சமம்!"

"ஆயுசுல பாதியக் குடுத்திருக்கேன் சார்," என்றார் ஷெரின். "ஒரு கொசுவலைன்னு சொல்றீங்களே." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். காலையிலிருந்து அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தோம்.

"மருந்தும் உண்டு, வலையும் உண்டுன்னு யாராவது இருக்காங்களா?" என்றார் மசூது.

"பி-ல வலையை விடாம கட்டினவங்க ரொம்பக் கொஞ்சம் சார். விரல் விட்டு எண்ணிடலாம். அவங்கள்ல ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்ல. ஆனா இவ்வளவு கொஞ்சம் பேர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"மருந்துன்னு தெரிஞ்சும் வலைய விடாத புத்திசாலி யாருவே அது, நம்ம ஊர்ல?" என்று வேல்மயில் என் தோளில் தட்ட, நானும் சேர்ந்து சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மசூது ஒரு யோசனை சொன்னார். நல்ல மனுஷர், நல்லதை நினைத்துத்தான் சொன்னார். தயிரை உறையவிடாத, ஆனால் வைரஸை ஒன்றும் செய்யாத ஒரு பொருளை வெறும் மாத்திரையிலும் சேர்த்துவிட்டால் என்ன? எல்லார் கைக்கும் தயிர் உறையாது. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. சோதனை பழையபடி சுத்தமாகிவிடும்.

"செய்யலாம்," என்றார் தருண் உடனே. "அழகா இருக்கும்."

"அழகா இருக்குமா?" ஷெரின் திரையின் பக்கம் திரும்பினார். "ஊர் என்ன நெனைக்கும் தெரியுமா? 'எல்லாருக்கும் மருந்து வந்துடுச்சு'ன்னு நெனைக்கும். மிச்சம் இருக்குற வலையும் இறங்கிடும். வெறும் மாத்திரைக்காரங்க மருந்தும் இல்லாம, வலையும் இல்லாம கிடப்பாங்க. என் மருந்து ஜெயிக்கும் தருண், ரொம்ப நல்லா ஜெயிக்கும். பாதி ஊர நண்டாக்கித்தான் ஜெயிக்கும்."

"அத என் கையால எழுத மாட்டேன்," என்றேன் நானும். செண்பகம் பக்கவாட்டில் நடந்து காபி கொண்டுவருவது கண்முன் வந்துவிட்டது.

மசூது காதைப் பிடித்துக்கொண்டார். "தப்பு, தப்பு. வாபஸ்."

அப்புறம் கடிதம் பிறந்தது. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளில் எழுதினேன். சோதனையை நிறுத்த வேண்டாம். நொச்சிப்புதூர் மக்களுக்குத் தத்தம் மாத்திரை எதுவென்று தெரிந்துவிட்டது, தெரிந்த விதம் தயிர். வாரியம் தன் சாவியை எடுத்து, வலை உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும். வியர்வையில் கசியாத புது மாத்திரை வரும்வரை, இருசாராரிடமும் உண்மையைச் சொல்லி, மாத்திரையோடு வலையும் கட்டச் சொல்ல அனுமதி வேண்டும். 'தயிர்' என்று அந்த வாரியத்துக்கு இதுவரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று வேல்மயில் சொன்னார். எல்லோரும் ஒப்பமிட்டார்கள். தருண் திரைக்குள்ளிருந்து ஒப்பமிட முடியாது, தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒண்ணு பாக்கி," என்றார் வேல்மயில். "நம்ம ஒவ்வொருத்தரும், வீட்டுல யாருக்கு எந்த மாத்திரைன்னு நமக்குத் தெரிஞ்சத தனித்தாள்ல எழுதி உள்ள வைக்கணும். பின்னால ஒருத்தன் 'மறைச்சாங்க'ன்னு சொல்லக் கூடாது."

அவர் மச்சானைப் பற்றி எழுதிக் கொடுத்தார். என் தாளை மட்டும் வீட்டில் வைத்து எழுதுகிறேன் என்று சொல்லி, கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தபால் நிலையம் எங்கள் தெருவைத் தாண்டித்தான் இருக்கிறது. சாயங்காலத் தபால் கட்டுவதற்கு நேரம் இருந்தது.

செண்பகம் முன்னறையில் அவரைக்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். படித்தேன்:

"என் மனைவி செண்பகவல்லி இச்சோதனையில் பங்கேற்கிறார். எங்கள் இல்லத்தில் தயிர் குறைவின்றி உறைவதால், அவர் பெறுவது வெறும் மாத்திரையே என அறிகிறேன்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். அவரைக்காய்த் தட்டு மடியிலேயே குலுங்கியது.

"என்ன இப்ப?"

"உறையுது, உறையுது. யாரு விரல் பட்டு உறையுது?"

நான் என் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். மை பட்டிருந்தது.

"முதல்ல ஒரு நாள் உறையாமக் கெடந்துச்சு," என்றாள். "பாயசம் வச்சேன். மறுநாளும் உறையல, மறுபடியும் பாயசம். 'என்ன விசேஷம்'னு கேட்டீங்கல்லா?"

"நீ சும்மாதான்னு சொன்ன."

"பிறகுதான் ஊர்ல பேச்சு காதுல விழுந்துச்சு. அன்னைக்கே பால் சட்டிய உங்ககிட்டத் தள்ளிட்டேன்."

"எதுக்கு செண்பகம்? நல்ல செய்திதானே. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? அன்னைக்கே வலையக் கழட்டி, மடிச்சு, துணியில சுத்தி, மேல 'கொசுவலை'ன்னு சீட்டு ஒட்டி பரண்ல ஏத்தியிருப்பீங்க."

அது உண்மை. சீட்டில் தேதிகூடப் போட்டிருப்பேன்.

"எனக்கு மாத்திரை இருக்கு," என்றாள் அவள், ஒரு காயை ஒடித்து நாரை இழுத்தபடி. "உங்களுக்கு யாரு மாத்திரை குடுத்தா? உங்களுக்காக வலை கட்டுங்கன்னா மூச்சு முட்டும்பீங்க. எனக்காகன்னா கட்டுவீங்க. கட்டுனா கூடப் படுப்பீங்க. படுத்தீங்களா இல்லையா?"

தருண் விரல் விட்டு எண்ணிய அந்தச் சிலர் நினைவுக்கு வந்தார்கள். வேல்மயில் தேடிய புத்திசாலி எதிரே உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிதானமாகப் பார்க்க வராதாம் அவளுக்கு.

தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். எழுதினேன்:

"என் மனைவி செண்பகவல்லி பெறுவது மருந்து. அதை நான் இன்றுதான் அறிந்தேன். மருந்து எனத் தெரிந்தும் வலையை விடாத மிகச் சிலரில் அவரும் ஒருவர். அவருக்குக் காய்ச்சல் வரவில்லை. மருந்து பெறாத எனக்கும் வரவில்லை. அவர் வலைக்குள் படுத்தது தமக்காக அல்ல. இதைத் தங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என எனக்குத் தெரியவில்லை. தாங்களே தக்க இடம் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்."

வாய்விட்டுப் படிக்கவில்லை. மடித்து, மற்ற தாள்களோடு உறைக்குள் வைத்தேன். அவள் மைதாப் பசைக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, உறையின் மடிப்பில் தன் விரலாலேயே தடவத் தொடங்கினாள்.

"ஏ, உன் கை பட்டா ஒட்டுமா?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்," என்று அழுத்திப் பிடித்தாள். நன்றாகவே ஒட்டியது. இழுத்தும் பார்த்தேன்.

தபால் நிலையத்தில் பையைக் கட்டப்போகிற சமயம். எடை பார்த்து, முத்திரை குத்தி, உறையை மேலாக வைத்துக் கயிறு இறுக்கினார்கள். சிவப்பு வண்டி பையை ஏற்றிக்கொண்டு பெரிய சாலைக்குத் திரும்பும்வரை நின்று பார்த்தேன். வீட்டில் பால் ஆறிக்கொண்டிருக்கும். விரலைக் கழுவிக்கொண்டு போக வேண்டும்.